வயல் இல்லாத வயல் பறவைப் படங்கள்

வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நேரே ஏரிக்கரை, நாலு படம், ஒரு டீ, திரும்பி வீடு. வழியெல்லாம் இரண்டு பக்கமும் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியதிலிருந்து வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்கும் மவுசு கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் பறவைக்கு ஏரி படுக்கையறை என்றால் வயல்தான் அடுப்படி.

வயலில் இறங்கிப் படமெடுக்கிறவர்களும் இப்போது நிறைய உண்டு. என் குறை அவர்கள் மேல்தான். எடுப்பது வயல் பறவை, படத்தில் வயலே இல்லை. 600 மி.மீ. லென்ஸ், பின்னால் வழவழவென்று ஒரு பச்சை, நடுவில் கொக்கு. இறகை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். அது நடவு வயலில் நிற்கிறதா, கதிர் முற்றிய வயலில் நிற்கிறதா, கல்யாண மண்டபத்துப் புல்தரையில் நிற்கிறதா, தெரியாது. கீழே இருநூறு பேர் "செம கிளிக் ஜி" போட்டிருப்பார்கள்.

எந்தப் பறவை எப்போது வரும் என்பதைப் பயிர்தானே முடிவு செய்கிறது? நடவுக்கு முன் தண்ணீர் விட்டுச் சேடை ஓட்டும்போது டிராக்டரின் இரும்புக் கேஜ் வீலுக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் ஓடும். சேறு புரளும்போது பிள்ளைப்பூச்சியும் மண்புழுவும் வெளியே வரும், அதற்கு. டிராக்டர் சத்தத்துக்கு அசையாத அதே கொக்கு, நாம் காரை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தால் பறந்துவிடும். நடவு முடிந்து தண்ணீர் மெல்லிசாக நிற்கும் நாட்களில் பவளக்கால் உள்ளானும் பொரி உள்ளானும். பயிர் தூர் கட்டி மூடிவிட்டால் இவற்றுக்கு அங்கே வேலை இல்லை, உள்ளே கம்புள்கோழியின் சத்தம் மட்டும் கேட்கும். கதிரில் பால் பிடித்தால் சில்லையும் தூக்கணாங்குருவியும், கூடவே தகரம் தட்டும் ஆளும். அறுப்பு மெஷின் இறங்கினால் கரிச்சானுக்குக் கொண்டாட்டம். அப்புறம் தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும் சமயத்தில் வானம்பாடி, நெட்டைக்காலி.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் அலகு, எல்லாரும் எடுத்த படம். பலர் நினைப்பதுபோல அது நத்தையை அந்த இடுக்கில் வைத்து நொறுக்குவதில்லை. மேல் அலகால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை அறுத்து உருவிவிடும். இளம் பறவைக்கு இந்த இடைவெளி இருக்காது, அதுவும் நத்தைதான் தின்கிறது. நாரை போன பிறகு வரப்போரம் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் உடையாத வெறும் ஓடுகள் கிடக்கும். அந்த ஓட்டையும் சேற்றையும் நாற்றையும் சேர்த்து யாராவது ஒரு படம் போட்டால் அதற்கு நான் முதல் ஆளாக லைக் போடுவேன்.

இதற்குக் குட்டி லென்ஸே போதும். நிக்கான் பி900 மாதிரி ஜூம் கேமராவை வைத்திருக்கிறவர்களும் ஜூமைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் வேலை முடிந்தது. வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள், வெயிலில் இறகு வெளுத்துப்போகாது. வேறு ரகசியம் எதுவும் என்னிடம் இல்லை.

இன்னொரு விஷயம், வரப்பு. புதிதாக அண்டை வெட்டி, அதாவது ஓரத்தைச் செதுக்கி, சேறு பூசிய வரப்பு பார்ப்பதற்குச் சிமெண்டு போட்ட மாதிரி இருக்கும். மிதித்தால் கணுக்கால் வரை இறங்கும், அந்தக் குழி வழியாக ராத்திரிக்குள் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். "தம்பி, அந்தப் பக்கமா போங்க, நேத்துதான் அண்டை வச்சிருக்கு" என்று விவசாயி சொன்னால் அதில் ஒரு ஆளின் கூலி இருக்கிறது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டு இறங்குவதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அப்படிக் கேட்டுப் பழகிய ஒரு பெரியவர்தான் எந்த மடையடியில் காலையில் கூட்டம் இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடவு நடும் பெண்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். "கொக்கைப் புடிக்கிறதுன்னா புடிங்க, எங்க முதுகைப் புடிக்காதீங்க" என்று ஒரு அக்கா நறுக்கென்று சொன்னார். நியாயம்தானே.

பறவைக் கூட்டைப் படமெடுப்பதைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஒரு குழுவில் சில்லைக் கூடு ஒன்றைப் பார்த்தேன். கூட்டை மறைத்திருந்த முள்கிளையைச் சீராக வெட்டி எடுத்திருந்தார்கள், வெட்டுவாய் படத்திலேயே தெரிகிறது. நமக்குத் தெரிந்தால் காக்கைக்கும் தெரியும். ஆள்காட்டிக் குருவி தரிசில் வெறும் மண்ணில் முட்டையிடும், பெரும்பாலும் நான்கு. உச்சி வெயிலில் தாய்ப்பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். நாம் டிரைபாடை நட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றால் அது எப்படி வந்து உட்காரும்? தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும், அதையும் "ஆக்‌ஷன் ஷாட்" என்று எடுப்போம். கூடவே ஊர் பேர், மேப் லொகேஷன். கொக்குக்கும் மடையான் பறவைக்கும் வலை விரிக்கிறவன் கையிலும் போன் இருக்கிறது என்பது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றும்போது குறிப்பு எழுதும் கட்டத்தில் நான் இப்போது பயிரின் நிலையையும் எழுதிவிடுகிறேன்: "சம்பா, நட்டுப் பத்து நாள், கணுக்கால் தண்ணீர்" என்கிற மாதிரி. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாட்களில் டெல்டாவில் ஒரு வயல் அறுப்பிலும் அடுத்த வயல் பச்சையிலும் இருக்கும், இரண்டிலும் வெவ்வேறு கூட்டம். உங்கள் ஊர் வயல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதில் யார் யார் இறங்குகிறார்கள்? பின்னூட்டத்தில் படத்தோடு போடுங்கள். வயல் தெரிகிற படமாக.