புத்தரும் புலாலும்

புத்தர் புலால் உண்பதை முற்றிலும் தடைசெய்தார் என்றும், இலங்கை, தாய்லாந்து பிக்குகள் இறைச்சி உண்பது பிற்காலச் சீரழிவு என்றும் சிலர் சொல்வது சரியன்று. தமக்காகவே கொல்லப்பட்டதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இராத இறைச்சியைப் பிச்சையாக ஏற்கலாம் என்பதே, பாலி மொழியில் அமைந்த துறவியர் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் விதி. பிக்குகள் மீனும் இறைச்சியும் அறவே உண்ணக்கூடாது என்று, புத்தரோடு முரண்பட்ட அவருடைய உறவினரான பிக்கு தேவதத்தன் கோரியபோது, புத்தர் அதை மறுத்து இவ்விதியையே எடுத்துரைத்ததாக அதே நூல் கூறுகிறது. மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு உள்ளிட்ட 10 வகை இறைச்சிகளை மட்டும் அது பெயர் சொல்லி விலக்குகிறது. எல்லாமே விலக்கு என்றால் அப்படியொரு பட்டியலுக்கு என்ன தேவை?

புலாலுக்கு முழுமையான தடை, லங்காவதார சூத்திரம் போன்ற, பௌத்தத்தின் மற்றொரு பெரும் பிரிவான மகாயானத்தின் நூல்களில்தான் வருகிறது. சீனத்துத் துறவிகளிடையே அது நிலைபெற்றதற்கு, 6ஆம் நூற்றாண்டில் லியாங் என்னும் சீன அரச மரபின் பேரரசர் வூ பிறப்பித்த ஆணைகளும் முக்கியக் காரணம்.

இதனால் பாலி மரபு கொலையைப் பொருட்படுத்தவில்லை என்றாகாது: இல்லறத்தார் செய்யக்கூடாத 5 வணிகங்களில் இறைச்சி விற்பனையும் ஒன்று. விற்பவனைக் கண்டித்துவிட்டு வாங்குபவனை விட்டுவிடலாமா என்பது நியாயமான கேள்வி. உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்று 256ஆம் குறள் தொடுவதும் இவ்விடத்தைத்தான். அந்த வாதம் வலுவானது என்றே நான் கருதுகிறேன், ஆனால் அதைப் பாலி நூல்களின் புத்தர் வாயில் ஏற்றிச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.