ஜெய்ப்பூரில் ஆட்டோ பேசினால்...

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு போர்வைக் கடையைச் சுற்றிக் காட்டுகிறார்களே, இதற்கு ஒரு விமோசனமே கிடையாதா?

ஆமேர் கோட்டையிலிருந்து திரும்பும்போது ஏரி நடுவில் இருக்கும் ஜல் மஹால் அரண்மனைப் பக்கம் டிரைவர் நிறுத்துவார் என்று பார்த்தால், "பேக்டரி சார், வாங்க வேணாம், சும்மா பாருங்க" என்று ஒரு சந்துக்குள் திருப்புகிறார். உள்ளே ஒருவர் மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்து நாலு தடவை துணியில் ஒற்றிக் காட்டுவார். பேக்டரி அவ்வளவுதான். அடுத்த அறையில் டீ. குடித்த பாவத்துக்கு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, புடவை, மெத்தை விரிப்பு என்று மலையாகப் பிரித்துப் போடுகிறார்கள். அவ்வளவு மடிப்பையும் கலைத்தபின் வெறுங்கையோடு எழுந்துவர நமக்கும் கூச்சம். டிரைவர் கமிஷன் நம் பில்லிலேயே ஏறிவிடும்.

அதுகூடப் போகட்டும். கட்டை அச்சு என்று சொல்லி விற்பதில் பாதி ஸ்கிரீன் பிரிண்ட் மாதிரிதான் இருக்கிறது. கையால் ஒற்றினால் கட்டைகள் சேரும் இடத்தில் கொஞ்சமாவது பிசகும். இதில் ஒரு பூகூட நகரவில்லை!

எனக்கு வயிறு எரிவது ஜந்தர் மந்தர் என்கிற பழைய வானாய்வுக்கூடத்துக்காக. 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால்தானே?

இத்தனைக்கும் ஹவா மஹால், சிட்டி பேலஸ், ஜந்தர் மந்தர், ஜோஹரி பஜார் எல்லாம் நடக்கிற தூரம்தான். கேட்டால், "அந்த ரோடு இன்னிக்கு மூடியிருக்கு சார்."