தூக்கிப் பிடிப்பவர்களையும் பாருங்கள்

குழுவாகச் சேர்ந்து ஆளைத் தூக்கி நிறுத்தியும் கரணம் போட்டும் மதிப்பெண்ணுக்காக ஆடுவது போட்டி சியர்லீடிங். புகழ் வந்த பிறகுதான் அதில் நியாயம் கெட்டது என்கிறார், அதைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெக்சாஸின் நவாரோ கல்லூரி அணியில் ஏறத்தாழ 40 பேர் பயிற்சி எடுப்பார்கள், டேடோனாவில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் ஆட்ட விரிப்பில் இறங்குவது 20 பேர்தான். இந்த அணியைப் பற்றி 2020-இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர் அந்தப் போட்டாபோட்டியை வெளியே காட்டியது, அவ்வளவே.

உண்மையான வருத்தம் வேறு. ஒருவரை மற்றவர்கள் தூக்கி நிறுத்தும் ஒரு ஸ்டன்டைக் கவனித்துப் பாருங்கள். மேலே நிற்கும் ஃபிளையர் சிரித்த முகத்தோடு கூட்டத்தைப் பார்க்கிறார். கீழே இருவர் அவர் பாதத்தை இறுகப் பிடித்து, அண்ணாந்த கண்ணை எடுக்காமல் நிற்கிறார்கள். பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் சரிந்தால் அவர் முழங்கை இவர்கள் முகத்தில்தான் இடிக்கும். மதிப்பெண் எல்லோருக்கும் பொது, கேமரா மட்டும் மேலே இருப்பவருக்கு! அந்த இடத்துக்கும் பெரும்பாலும் ஒல்லியான, குட்டையான உடம்பைத்தான் தேடுகிறார்கள்.

அப்புறம், கட்டுரை விட்டுவிட்ட ஒன்று. அமெரிக்காவின் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவுசெய்து, சியர்லீடிங்கை மாற்றாகக் காட்டியது. பெண்களுக்குச் சம வாய்ப்பு தரச் சொல்லும் சட்டத்தின்படி இதை விளையாட்டாகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2010-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு அது சரியான தீர்ப்பு, ஒழுங்கான போட்டி அமைப்பே அப்போது இல்லை. ஆனால் 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே சியர்லீடிங்குக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. உலகப் போட்டியில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் இருக்கிறது. அடுத்த கட்டுரையில் அந்த அணிகளைப் பற்றி எழுதுங்கள்.