ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவர் கணக்குதான்

15 ஓவரில் 90க்கு ஆல் அவுட்டான அணிக்கு ரன் ரேட் (ஓவருக்குச் சராசரி ரன்) 90/15 = 6 என்று ஒரு பதிவில் போட்டிருந்தார்கள்; அது தவறு. டி20 உலகக் கோப்பையில் பத்து விக்கெட்டும் போய்விட்டால், ஆடிய ஓவரால் அல்ல, முழு 20 ஓவரால்தான் வகுப்பார்கள். ஆக 4.50. மழையால் ஆட்டம் 12 ஓவராகக் குறைந்திருந்தால் 12ஆல் வகுக்க வேண்டும்.

எதிரணி 91ஐ 12.3 ஓவரில் எடுத்தது என்று வையுங்கள். அது 12.5 ஓவர், மூன்று பந்து என்பது அரை ஓவர். கால்குலேட்டரில் அப்படியே 12.3 என்று தட்டுவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். 91/12.5 = 7.28. நிகர ரன் ரேட், அதாவது நம் ரன் ரேட்டிலிருந்து எதிரணியுடையதைக் கழித்தால் வருவது, 4.50 - 7.28 = -2.78. அந்தப் பதிவின் 6ஐ வைத்தால் வெறும் -1.28.

ஒவ்வொரு ஆட்டத்தின் விடையையும் கூட்டிச் சராசரி எடுப்பதும் சரியல்ல. குழு ஆட்டங்களின் மொத்த ரன், மொத்த ஓவர் என்று சேர்த்த பிறகே வகுக்க வேண்டும். ஆட்டம் சமன் ஆனால் வெற்றியை முடிவு செய்ய ஆடும் சூப்பர் ஓவரின் ரன்கள் இதில் சேராது.