கட்டையைப் பார்த்த பிறகே கண்ணாடி

பழைய ரைஃபிள்கள் சுடும்போது பின்னோக்கித் தரும் உதையைத் தணிக்க, தோளில் பதியும் மரப் பின்கட்டையில் தடித்த ரப்பர் பட்டையும், குறிபார்க்க மேலே தொலைநோக்கியும் பொருத்தினால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஒரே வகைத் தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும்; 3 கிலோவை 3.5 கிலோவாக்கினாலே ஏறக்குறைய 14 சதவீதம் குறைந்துவிடும். ரப்பர் அந்த ஆற்றலைத் தோளில் சற்று மெதுவாக இறக்குகிறது, அவ்வளவே.

தொலைநோக்கியைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. திறந்த குறிகளுக்கென்று (குழலின் மேல் கண்ணாடியின்றி இருக்கும் எளிய உலோகக் குறிகள்) செய்யப்பட்ட பழைய கட்டைகள் பெரும்பாலும் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், உயரத்தில் இருக்கும் கண்ணாடி வழியே பார்க்கக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டிவரும். பிடிமானமற்ற அந்தக் கன்னத்தில் உதை அறைவதோடு, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இல்லையெனில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். வயதான கண்களுக்கு 'பீப் சைட்' எனப்படும் துளைக்குறியே மேல். சிறு துளை வழியே முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும்.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் உரிமத்துடன் இருக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கிகளில் இன்னொன்றையும் காண்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊறிய மரம் பங்குனி வெயிலில் சுருங்கித் திருகுகள் தளர்ந்து, துப்பாக்கியின் இரும்புப் பகுதி கட்டையில் அமரும் இடத்துக்குப் பின்னால் மயிரிழை போல் வெடிப்பு ஓடுகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தக் குறியைப் பூட்டினாலும் குண்டு ஓரிடத்தில் விழாது. இவ்வேலைகளை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.