கோமரத்தாடியும் ‘வியர்டு’ என்ற சொல்லும்

எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை விழா என்றால் சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் வந்துவிடுவார்கள். நடுச்சாமத்தில் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, தீப்பந்தத்தோடு மயான வேட்டைக்குக் கிளம்பும்போது, அதில் ஒன்று கட்டாயம் என் காதைக் கடிக்கும்: “ரொம்ப வியர்டா இருக்கு மாமா!” பக்கத்தில் நிற்கிற பெரியவர்கள் முறைப்பார்கள். எனக்குக் கோபம் வராது. இதைவிடப் பொருத்தமான ஆங்கில வார்த்தை கொடைக்குக் கிடையாது என்பது என் கட்சி.

‘விசித்திரம்’ என்ற அர்த்தத்தில் இன்றைக்கு அது (weird) ரொம்ப மலிந்துபோன வார்த்தை. இட்லிக்கு ஜாம் தொட்டுத் தின்றாலும் வியர்டு, மேனேஜர் சிரித்துப் பேசினாலும் வியர்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல். அதற்கு அர்த்தம் விதி. ‘ஆகுதல்’ என்ற வினையோடு பிறந்தது. ஜெர்மன்காரர்கள் ‘ஆவது’ என்பதற்கு இன்றும் வேர்டன் என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் அடியில் தோண்டினால் ‘திரும்புதல், சுழலுதல்’ என்ற வேர் வருகிறது. சமஸ்கிருதத்தின் வர்த்தமானமும் அதே வேரில் முளைத்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் தினவர்த்தமானி என்று தமிழில் பத்திரிகையே நடந்தது. ஆக, வியர்டு நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

விதி எப்படி விசித்திரமானது? இங்கேதான் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் வருகிறது. அந்த நாடகத்தின் மூன்று பெண்களை, பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த காலத்தில் சூனியக்காரிகள் என்று நோட்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினோம். ஆனால் ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் அவர்கள் ‘வியர்டு சகோதரிகள்’. விதியின் தேவதைகளாக இருக்கலாம் என்று அவரே விளக்கமும் சொல்கிறார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் குறி சொல்கிறவர்கள். மேக்பெத்துக்கு ராஜயோகம் இருக்கிறது என்று வழிமறித்துக் குறி சொன்னார்கள், அவ்வளவுதான். மிச்சத்தை அவனும் அவன் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சொல் இங்கிலாந்தில் அதற்குள் மங்கிக்கொண்டிருந்தது. 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திரட்டி அச்சிட்டபோது, மேக்பெத்தில் அது ஓரிடத்தில்கூட இப்போதைய எழுத்துக்கூட்டலில் வரவில்லை. ‘வேவர்டு’, ‘வேயர்டு’ என்று கிடக்கிறது. தியோபால்டு என்ற பதிப்பாசிரியர் 18ஆம் நூற்றாண்டில்தான் அதைச் சரிசெய்தார். (இப்போதும் அந்த எழுத்துக்கூட்டல் தகராறுதான். ‘ஐ முன்னே, ஈ பின்னே’ என்று ஸ்பெல்லிங் விதி சொல்லிக்கொடுக்கிற எந்த டீச்சருக்கும் இது காலை வாரிவிடும்.) ஸ்காட்லாந்தில் மட்டும் பழைய அர்த்தம் உயிரோடு இருந்தது. ‘தன் வியர்டைத் தானே அனுபவிப்பது’ என்று அங்கே ஒரு சொலவடை. ‘அவன் தலையெழுத்து, அவன் அனுபவிக்கான்’ என்று நம்மாட்கள் சொல்வதும் அதைத்தானே.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி போன்ற கவிஞர்கள் அமானுஷ்யமான எதற்கும் இந்தச் சொல்லைப் போட்டார்கள். அங்கிருந்து வெறும் ‘ஒரு மாதிரி’ ஆனது. மேக்பெத் மேடையில் அந்தப் பெண்கள் பொம்பளையா ஆம்பளையா என்று சந்தேகப்படும்படி தாடியோடு நிற்கிறவர்கள். பார்த்த சனம் அவர்கள் சொன்ன வாக்கை மறந்தது, கோலத்தைப் பிடித்துக்கொண்டது. வார்த்தையும் கோலத்தோடு ஒட்டிக்கொண்டது.

கொடையிலும் இப்போது அதேதான் நடக்கிறது. கோமரத்தாடியின் சல்லடக் கால்சட்டையும் குல்லாயும் வல்லய ஈட்டியும் போனில் பளிச்சென்று விழுகின்றன. கணியான் கூத்தில் இரண்டு மகுடப் பறைகளும் மாறி மாறி அதிர்வது ரீல்ஸுக்கு அத்தனை பாந்தம். ஆனால் விடிய விடிய வில்லில் பாடுகிற கதை என்ன? விளக்குச் சுடரில் பிள்ளையாகப் பிறந்து, பால்குடி மாறாமல் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்று, அதனாலேயே கைலாசத்தை விட்டுப் பூமிக்கு இறங்க வேண்டி வந்த மாடனின் கதை. தலையிலிருந்து கால்வரை விதியின் கதை. அதற்கு நாலு நிமிஷம் காது கொடுக்க ஆளில்லை.

வேட்டை முடிந்து கோமரத்தாடி திரும்பியதும் திருநீற்றுக் கொப்பரை முன்னால் கூட்டம் சேரும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆச்சி கேட்பாள்: “எம்மவன் துபாயில இருந்து எப்பய்யா வருவான்?” அவர் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும். “அடுத்த கொடைக்கு என் வாசல்ல நிப்பான், போ” என்பார். ஆச்சி முகத்தில் திருநீறு விழும்.

இப்படிக் குறி கேட்பதை அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தவர் யார் தெரியுமா? திசையன்விளைப் பக்கம் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார். 1849இல் வந்த அவருடைய நூலில் சாமியாடியிடம் சனங்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று பட்டியலே இருக்கிறது: நோய், குறை, தூரதேசம் போன உறவுக்காரர் நலம், என்ன படைக்க வேண்டும் என்பது. அந்த நூலைப் பற்றி எனக்குச் சண்டை நிறைய உண்டு. ஒரு சமூகத்தையே இழிவாக எழுதியதாக எதிர்ப்புக் கிளம்பிய நூல் அது. இதையெல்லாம் பேய் வழிபாடு என்று ஒதுக்கவும் செய்தார். ஆனாலும், கோலத்தோடு நின்றுவிடாமல் கேள்வியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவரைப் பெற்றவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்தது கிளாஸ்கோவில். நான் ஒன்றும் முடிச்சுப் போடவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

குறியெல்லாம் பலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் நிலத் தகராறு தையில் தீரும் என்றார் கோமரத்தாடி. எந்தத் தை என்று சொல்லவில்லை.

மருமகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேட்டைக்குப் போகிற பாதையில் குறுக்கே நிற்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் வீடியோ எடுங்கள். வில்லுப்பாட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு பாட்டையும் முழுசாகப் பதிவு பண்ணுங்கள், இந்தக் கதைகளுக்கு நல்லது. குறி கேட்கிற இடத்தில் மட்டும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். வீட்டு ஆம்பளைகளிடம்கூடச் சொல்லாததை அந்தப் பெண்கள் அங்கே சொல்லுகிறார்கள்.