எலுமிச்சைக்குள் ஒரு அம்மா

அயர்லாந்து ராக் குழுவான யூ2-வின் ரசிகர்கள் நடுவே இப்போது ஒரு புது மோஸ்தர். தொண்ணூறுகளில் அவர்கள் செய்த சோதனை முயற்சிகள்தான் உச்சம், அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் பஜனை என்று அடித்துச் சொல்கிறார்கள். 1997-ல் 'பாப்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு "இவர்களுக்கு என்ன ஆச்சு?" என்று தலையில் அடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அடித்துக்கொண்டேன்.

(2019-ல் ரஹ்மானோடு 'அஹிம்சா' பாடிய அதே டப்ளின் குழுதான். அந்தப் பாட்டின் வழியாக மட்டும் தெரிந்தவர்கள் இங்கே விவரிக்கப்போகும் ஆட்களை அடையாளம் கண்டுகொள்வது சிரமம்.)

எண்பதுகளின் யூ2 என்றால் வெள்ளைக்கொடி, பாலைவனம், இறுகிய முகம். உலகத்தின் மனசாட்சியை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர்கள் போல இருப்பார்கள். 1987-ல் வந்த 'ஜோஷுவா ட்ரீ'யின் பாட்டுகள் அதையும் தாங்கின. அடுத்த வருடம் 'ராட்டில் அண்ட் ஹம்' படமும் ஆல்பமும் வந்தபோது விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள்: அமெரிக்க இசையின் பெரியவர்கள் பக்கத்தில் தாங்களே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள் என்று. தப்பில்லாத குற்றச்சாட்டு. 1989 டிசம்பர் கடைசியில் டப்ளின் மேடையிலேயே பாடகர் போனோ, நாங்கள் விலகிப்போய் எல்லாவற்றையும் மறுபடி கனவு காண வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

விலகிப்போன இடம் பெர்லின், ஹன்ஸா ஸ்டுடியோ. 1990 அக்டோபர், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நேரம். ஊர் ஒன்றாகிறது, உள்ளே குழு உடைகிறது. போனோவும் கிட்டார் வாசிக்கும் எட்ஜும் டிரம் மெஷின், நடன இசை என்று ஒரு பக்கம் இழுக்க, டிரம்மர் லாரி மல்லனும் பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டனும் மறுபக்கம். வேறொரு பாட்டுக்காக எட்ஜ் வாசித்துப் பார்த்த இரண்டு கிட்டார் கார்டு (chord) வரிசைகளை ஒட்டவைத்தபோது 'ஒன்' பிறந்தது. ஒட்டாத நாலு பேர் சேர்ந்து ஒற்றுமையைப் பற்றி எழுதிய பாட்டு. அதனால்தான் அதில் கனிவை விடக் கசப்பு அதிகம். அதைப் போய்க் கல்யாணங்களில் போடுகிறார்கள்!

அந்த 'அக்டங் பேபி' (1991) பெருவெற்றி. அதோடு வந்த ஸூ டிவி சுற்றுப்பயணத்தில் போனோ கறுப்புக் கண்ணாடியும் தோலாடையும் மாட்டிக்கொண்டு 'தி ஃப்ளை' ஆனார். பிறகு கொம்பு வைத்த 'மெக்ஃபிஸ்டோ'. மேடையிலிருந்து வெள்ளை மாளிகைக்கு போன் போட்டார். டெட்ராய்ட்டில் கூட்டத்துக்கென்று 10,000 பீட்சா ஆர்டர் செய்தார், 100 வந்து சேர்ந்தது. இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் "எல்லாம் பாவனை, உள்ளே ஒன்றும் இல்லை" என்று நாங்கள் தீர்ப்பு எழுதினோம்.

ஆனால் அந்தப் பாவனைக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். அடுத்து வந்த 'ஸூரோப்பா' ஆல்பத்தில் 'லெமன்' (எலுமிச்சை) என்று ஒரு பாட்டு. போனோ கள்ளக்குரலில் பாடுவார். டிஸ்கோ விளையாட்டு என்று பல வருடம் நினைத்திருந்தேன். அவருக்குப் 14 வயதானபோது செத்துப்போன அம்மா, எலுமிச்சை நிற உடையில் இருக்கும் பழைய படச்சுருள் ஒன்றைப் பார்த்ததிலிருந்து வந்த பாட்டு அது. 'பாப்' ஆல்பத்தில் 'மோஃபோ' என்று காது கிழியும் எலெக்ட்ரானிக் இரைச்சல் ஒன்று உண்டு. அதன் நடுவில் நின்று அம்மாவிடம் நேராகப் பேசுகிறார். அந்த ஆல்பத்துக்கான பாப்மார்ட் சுற்றுப்பயணத்தின் ஒவ்வொரு இரவும் அதுதான் தொடக்கப் பாட்டு. அதே மேடையில் 40 அடி உயர இயந்திர எலுமிச்சை. அதற்குள்ளிருந்துதான் குழு வெளியே வரும். ஆஸ்லோவில் அது திறக்காமல் மக்கர் செய்து உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். நாம் சிரித்தது அந்த எலுமிச்சையைப் பார்த்து. அம்மாவைப் பற்றி முதல் ஆல்பத்திலேயே பாடியவர்தான், ஆனால் வேஷம் போட்ட பிறகுதான் இவ்வளவு கூச்சமில்லாமல் பாட முடிந்தது என்பது என் எண்ணம்.

போஸ்னியாவின் சரயேவோ விஷயமும் அப்படித்தான். 1993-ல் முற்றுகையில் இருந்த அந்த ஊரிலிருந்து சாட்டிலைட் வழியாக மக்களை நேரலையில் பேசவைத்தார்கள். ராக் கச்சேரி நடுவில் யுத்தம். பலர் இதைப் பிழைப்புவாதம் என்றார்கள். லண்டன் வெம்ப்ளி கச்சேரியில், நீங்கள் எங்களுக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லியே விட்டார்கள். அதற்குப் பிறகு எப்படி அடுத்த பாட்டைத் தொடங்குவது? இணைப்புகளை நிறுத்திவிட்டார்கள். அது சரியா தப்பா என்பதில் எனக்கு இன்னும் இரண்டு மனசு. ஆனால் 1997 செப்டம்பர் 23 அன்று, வாக்குக் கொடுத்தபடி, அந்த எலுமிச்சை, ராட்சதத் திரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சரயேவோவுக்கே போனார்கள். போனோவுக்குக் குரல் போய்விட்டிருந்தது. சுமார் 45,000 பேர் அவருக்காகப் பாடினார்கள்.

இதற்காக 'பாப்' குறையில்லாத படைப்பு என்று கிளம்பாதீர்கள். பயணத்துக்கான தேதிகளை முன்கூட்டியே குறித்துவிட்டு, அவசரத்தில் முடித்த ஆல்பம் அது. முதுகு அறுவைச் சிகிச்சையால் லாரி ஆரம்பத்தில் இல்லை. சில பாட்டுகள் அரைவேக்காடு. சோதனை தோற்கவில்லை, வேலை முடியவில்லை. இரண்டையும் குழு குழப்பிக்கொண்டதுதான் என் வருத்தம். 2002 தொகுப்பில் அந்தப் பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள், பழைய போட்டோவில் பெல்பாட்டத்தை மறைக்கிற மாதிரி. 2000-த்திலேயே பாதுகாப்பான பாதைக்குத் திரும்பியாயிற்று. நடுவில் பிரையன் ஈனோவோடு சேர்ந்து வேறு பெயரில் செய்த 'பேசஞ்சர்ஸ்' ஆல்பம் பற்றி ஒரு வரிதான்: லாரிக்கு அது பிடிக்காது, பாதி நேரம் நான் லாரி கட்சி.

வேஷத்தைக் கழற்றிய யூ2-வுக்கு என்ன கிடைத்தது? 2014-ல் புது ஆல்பத்தை, யாரிடமும் அனுமதி கேட்காமலேயே, கோடிக்கணக்கான ஐட்யூன்ஸ் கணக்குகளுக்குள் தள்ளிவிட்டார்கள். உலகமே திட்டியது. மெக்ஃபிஸ்டோ அதைச் செய்திருந்தால் நகைச்சுவை. நல்லெண்ணத்தோடு போனோ செய்ததால் தொல்லை. அதே வருடம்தான் தனக்கு நீண்டகாலமாக கிளாகோமா என்ற கண்நோய் இருப்பதைச் சொன்னார். அந்தக் கண்ணாடியைப் பார்த்து எத்தனை வருடம் பந்தா என்று கிண்டலடித்திருப்போம்! வேடிக்கைக்கு மாட்டியது, கடைசியில் கண்ணுக்கே தேவைப்பட்டுவிட்டது.

2023-ல் லாஸ் வேகஸில் ஸ்பியர் என்ற உருண்டை அரங்கத்தைத் திறந்துவைத்தபோது அவர்கள் எடுத்துக்கொண்டது 'அக்டங் பேபி'யைத்தான். லாரி உடல்நிலையால் வரவில்லை, டிரம்ஸில் வேறொருவர். அந்தத் திரைகளைப் பார்த்து வாய்பிளந்தவர்களுக்கு, இதையெல்லாம் பாப்மார்ட்டில் செய்தபோது பணத்திமிர் என்றோம் என்பது நினைவிருக்குமா தெரியவில்லை.

நான் இந்த வாரம் முழுக்க 'பாப்' கேட்டுக்கொண்டிருக்கிறேன், வரிசை மாற்றாமல். 'ப்ளீஸ்' வரும்போது இன்னும் சிலிர்க்கிறது. 'மயாமி'யை மட்டும் இப்போதும் தாண்டித்தான் போகிறேன்.